யாருமில்லை என்று எழுதித் தாருங்கள்

மூடுபனி விலகாத ஆடி மாதத்துக் காலை. ஆண்டு 2019. சேர்வராயன் மலையில் நான் பணிப்பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. திருப்பலியை முடித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, வாசற்படியில் மூதாட்டி ஒருவர் கம்பளியைப் போர்த்தியவாறு அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதனுள் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், எஸ்டேட்டில் வேலை செய்ததற்கான பழைய சீட்டுகள். ஐம்பது ஆண்டு உழைப்பின் ஆவணங்கள் அனைத்தும் அந்த ஒரு பைக்குள் அடங்கியிருந்தன.

“ஓ.ஏ.பி. பணத்துக்கு எழுதிப் போடணும் சாமி. ரெண்டு காகிதம் வேணும். ஒண்ணு ஞானஸ்நானச் சீட்டு. வயசுக்கு அதையும் வச்சா நல்லதுன்னாங்க. இன்னொண்ணு, எனக்கு யாரும் இல்லைன்னு சாமி ஒரு எழுத்து எழுதித் தரணும்.”

முதல் காகிதம் எளிதாகவே கிடைத்தது. ஓரங்கள் செல்லரித்த பழைய திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். இலத்தீன் மொழியில், சாய்ந்த கையெழுத்தில், 1957ஆம் ஆண்டின் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. ஆதார் அட்டையிலோ, பிறந்த நாள் தெரியாத ஏழைகள் பலருக்கும் எழுதுவதைப் போல, ஜனவரி முதல் நாள் என்று போட்டு 1959 என்றிருந்தது. தமக்கு அறுபது வயது என்று எண்ணியிருந்தவருக்கு உண்மையில் அறுபத்திரண்டு முடிந்திருந்தது. அதைச் சொன்னவுடன் பொக்கை வாயால் சிரித்தார். “அப்போ ரெண்டு வருசப் பணம் போச்சா சாமி?”

நானும் சிரித்தேன். ஆனால் ஏட்டை மூடுவதற்குள் என் கண்ணில் இன்னொன்று பட்டது. அதே தடித்த ஏட்டில், பல பக்கங்கள் தள்ளி, 1982ஆம் ஆண்டில் ஓர் ஆண் குழந்தையின் திருமுழுக்கு பதிவாகியிருந்தது. தாயின் பெயர் இவருடையது. அவருடைய வயதை மெய்ப்பித்த அதே ஏடு, அவருக்கு ஒரு மகன் உண்டு என்பதையும் மெய்ப்பித்துவிட்டது.

“மகன் எங்கே அம்மா?” என்று கேட்டேன். சிரிப்பு மறைந்தது. “திருப்பூர்ல சாமி. பனியன் கம்பெனி. வந்து ஆறு வருசமாச்சு. மூணு பிள்ளைங்க அவனுக்கு. அவன் பொழப்பே பெரிய பொழப்பு.”

யாருமில்லை என்று நான் எப்படி எழுதுவேன்? குருமடத்தில் பொய்யின் இலக்கணத்தை வகைவகையாகப் படித்தவன் நான். ஆகவே மெய்யை மட்டும் எழுதினேன். ‘இவருக்கு மகன் ஒருவர் உள்ளார், எனினும் பல ஆண்டுகளாக அவரிடமிருந்து எந்த ஆதரவும் இல்லை’ என்று எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தனுப்பினேன். என் மனச்சான்று தூய்மையாக இருந்தது. அந்த அம்மையாரின் மனு தள்ளுபடியானது. காரணம் இரண்டே சொற்களில் இருந்ததாக அறிந்தேன்: மகன் உள்ளார்.

என்ன நடந்தது என்று பின்னர் அவரே சொன்னார். விசாரணைக்கு வந்தவர் லைன் வீட்டு வாசலில் நின்று, மகன் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லும்படி அண்டை வீட்டார் முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவரோ, “இருக்கான் ஐயா, நல்லா இருக்கான்” என்று பதில் சொல்லிவிட்டார். “இல்லைன்னு எப்படி சாமி சொல்றது? அது அவனுக்குச் சாபம் விட்ட மாதிரி ஆயிடாதா?”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் எழுதிய முதல் வாக்கியம் அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. இரண்டாம் வாக்கியத்தை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் முதல், இந்த உதவித்தொகை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று விதிகளைத் தேடிப் படிக்கலானேன். அந்தத் தேடலின் பயனையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. அன்று மாதத்திற்கு 20 ரூபாய். நடுவண் அரசு தன் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்றுதான் தொடங்கியது. அதில் வயது வரம்பு 65. தொகை 75 ரூபாய். 2007இல் அது இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. 2011இல் வயது வரம்பு 60ஆகக் குறைந்தது. நடுவண் அரசின் பங்கு, 79 வயது வரை 200 ரூபாய். எண்பதைத் தொட்டவர்க்கு 500 ரூபாய். மீதியை மாநிலம் போட்டு, 2011 முதல் நம் முதியோருக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. அத்துடன் மாதந்தோறும் இலவச அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலையோ வேட்டியோ உண்டு.

விண்ணப்பம் செல்லும் வழி இது. இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை பிறப்பிப்பார். வயது, வறுமைக்கோடு, சொத்து மதிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல் நிற்கிறது. அது ‘ஆதரவற்றவர்’ என்னும் சொல். 1975இல் நம் மாநிலம் கைம்பெண்களுக்கென ஏற்படுத்திய திட்டத்தின் பெயரும் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் என்பதே. நம் மூதாட்டிக்கு முதியோர் என்ற வாசலும் இருந்தது, கைம்பெண் என்ற வாசலும் இருந்தது. இரண்டின் மேலும் பொறிக்கப்பட்டிருந்த சொல் ஒன்றுதான்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? 1995ஆம் ஆண்டுத் திட்டம் அதனை விளக்கியே சொன்னது. சொந்த வருவாயாலோ குடும்பத்தாரும் பிறரும் தரும் பண உதவியாலோ நிலையான பிழைப்பு இல்லாதவர், அல்லது மிகச் சிறிதே உள்ளவர் என்பது அதன் கருத்து. இங்கே சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். உறவினர் இருக்கிறாரா என்பதன்று அந்த விதியின் கேள்வி. உதவி வருகிறதா என்பதே கேள்வி. தாளில் ‘உதவி உண்டா’ என்றிருந்தது, மலையேறி லைன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ‘மகன் உண்டா’ என்று சுருங்கிவிட்டது. விசாரிக்க வருபவரை மட்டும் நான் குறை கூறமாட்டேன். அவருக்குக் கிராமங்கள் பல, கோப்புகள் பல. உதவி வருகிறதா என்று அறிய அடுப்பைப் பார்க்க வேண்டும், அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டும், அரை நாள் உட்கார வேண்டும். மகன் இருக்கிறானா என்று அறிய ஒரு நிமிடம் போதும். எளிதாக அளக்கக்கூடியது, அளக்க வேண்டியதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு மகன் இருந்தால் அவன் தாயைக் காக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் நிறைவேறியது. கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியின் தலைமையில் அமைந்த தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரும்படி பிள்ளைகளுக்கு ஆணையிட அத்தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. இதை நான் அந்த அம்மையாரிடம் எடுத்துரைத்தேன். “பெத்த பிள்ளை மேலயா சாமி கேசு போடச் சொல்றீங்க?” என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. பனியன் கம்பெனியில் வாரக் கூலி வாங்கி, வாடகை கொடுத்து, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவனிடமிருந்து எந்தத் தீர்ப்பாயம் எதைப் பெற்றுத் தந்துவிடும்? ஏழைத் தாய்க்குப் பிறந்தவன் ஏழையாக இருப்பதே பெரும்பாலும் நடப்பது. காப்பித் தோட்டங்களில் கூலி போதாமல் இளையோர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் போனதால்தான் தாய்மார்கள் தனித்தார்கள்; அவர்கள் இருப்பதாகக் கணக்கில் நிற்பதால்தான் தாய்மார்களுக்கு உதவி மறுக்கப்படுகிறது.

யாருக்கு உதவுவது என்னும் இச்சிக்கல் அரசு அலுவலகத்தில் பிறந்ததன்று. நம் திருச்சபையிலும் இது தொடக்க முதலே உண்டு. பவுலடியார் பெயரால் வழங்கும் திமொத்தேயுவுக்கான முதல் திருமடலின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சபையின் உதவி பெறும் கைம்பெண்களின் பட்டியல் ஒன்று அங்கே பேசப்படுகிறது. பட்டியலில் சேர அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்களே முதலில் பேண வேண்டும். அப்படி யாருமின்றித் தனித்து விடப்பட்டவரே பட்டியலுக்கு உரியவர். அறுபது வயது, ஆதரவற்ற நிலை! நம் அரசாணை அங்கிருந்து எடுத்தெழுதியது போலத் தோன்றவில்லையா? குருமடத்தில் இப்பகுதியை நான் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். அதன் கனம், தள்ளுபடியான ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் விளங்கிற்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தத் திருமடலில் கடுஞ்சொல் யார்மீது விழுகிறது? தன் குடும்பத்தாரைப் பேணாதவன் நம்பிக்கை அற்றவனிலும் கேடானவன் என்னும் கருத்து அங்கே மகனை நோக்கிச் சொல்லப்படுகிறது. நம் நடைமுறையிலோ மகன் கடமை தவறினால் தண்டனை தாய்க்கு. திருமடல் எழுந்த சபை சிறியது. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தது. பிள்ளைகள் கண்ணெதிரே இருந்தார்கள். கடிந்துரைத்தால் திருந்தக்கூடிய தொலைவில் இருந்தார்கள். அந்த நெருக்கம் இல்லாத இடத்தில் அதே விதியை வைத்தால், அது வாளின் கைப்பிடியை விட்டுவிட்டுக் கூரைப் பற்றியதாகிவிடும்.

அதே திருச்சபைக்குப் பட்டியலில் விடுபட்டவர்களின் கண்ணீரும் தெரிந்திருந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுகிறது. திருத்தூதர்கள் அதை மறுக்கவில்லை. விடுபட்டவர்களே பொறுமை காக்கட்டும் என்று சொல்லவுமில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாய் இருப்பதை விவிலிய அறிஞர்கள் சுட்டிக்காட்டுவார்கள். யார் விடுபட்டார்களோ அவர்களை அறிந்தவர்களிடமே பங்கீட்டுப் பொறுப்பு சென்றது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை கொர்னேலியுஸ் எழுதிய ஒரு கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் காத்து வைத்திருக்கிறார். உரோமைச் சபை அன்று 1,500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் துன்புற்றோரையும் பேணிவந்தது என்று அதில் காண்கிறோம். வேதகலாபனைக்கு நடுவே, அரசின் துணையேதுமின்றி, அத்தனை பேருக்கும் சோறிட்டிருக்கிறார்கள்.

இந்த எண்ணங்களோடு இருந்த நாளில், எங்கள் மலையில் பிறந்து இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்புப் பணி செய்யும் இளம்பெண் ஒருத்தி விடுமுறையில் வந்திருந்தாள். அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். அங்குப் பராமரிப்புச் சட்டம் ஒன்று 2014இல் நிறைவேறி, 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. உள்ளாட்சி மன்றத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து மதிப்பிடுவார். உடல் அல்லது மன நலக் குறைவால் இவரால் என்னென்ன இயலவில்லை என்பதே முதல் கேள்வி. பத்துச் செயல்களின் பட்டியல் ஒன்று உண்டு. உணவு ஆக்கி உண்பது, உடலைத் தூய்மை செய்வது, கழிப்பறைக்குச் செல்வது, உடுத்துவது, வீட்டில் ஆபத்தின்றி நடமாடுவது என்று அது நீளும். அவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ இயலாமற்போய், அதனால் வாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால் அவர் உதவிக்கு உரியவர். மகளோ மருமகளோ ஏற்கெனவே உதவி செய்துவந்தாலும், அந்த உதவியைக் கணக்கில் கொள்ளாமலேதான் தேவையை முதலில் மதிப்பிட வேண்டும்.

அவள் சொன்னவற்றுள் ஒன்று என் நெஞ்சில் தைத்தது. அந்தப் பத்தில் ஒன்று, குடும்ப உறவுகளையும் பிற உறவுகளையும் பேணிக்கொள்வது. அதாவது, மகனோடு உறவாடுவது அங்கே ஒரு மனிதத் தேவையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த உறவு அறுந்துபோகும் நிலை வந்தால் அது உதவி கேட்பதற்கான காரணங்களுள் ஒன்றாகிறது. இங்கேயோ உறவு இருப்பதே உதவி மறுக்கப்படக் காரணமாகிறது.

அதற்காக அந்நாட்டை நான் விண்ணுலகம் என்று காட்டவில்லை. தேவை மெய்ப்பிக்கப்பட்ட பின் பணக் கணக்கு வருகிறது. 23,250 பவுனுக்கு மேல் கையிருப்பு உடையவர் பொதுவாகத் தம் பராமரிப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். முதியோர் இல்லத்திற்குச் செல்பவர் தனியே வாழ்ந்தவராயின் அவர் வீடும் பெரும்பாலும் கணக்கில் சேரும். அதனால் வீட்டை விற்பவர் உண்டு. அந்த வரம்பு 2010 முதல் உயர்த்தப்படவுமில்லை. நம் நாடு அவ்வளவு செலவு செய்ய இயலாது என்பதையும் அறிவேன். ஆனால் கேள்வியை மாற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ‘உமக்கு யார் இருக்கிறார்?’ என்பதற்குப் பதிலாக ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்க, கேட்பவருக்கு மனம் வேண்டும். சிறிது நேரமும் வேண்டும்.

இனி அந்த அம்மையாரின் கதைக்கு வருகிறேன். மீண்டும் விண்ணப்பித்தோம். இம்முறை நான் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு இருந்துவிடவில்லை. அவர் சார்ந்த அன்பியத்துப் பெண்கள் நால்வர் துணைக்கு வந்தார்கள். பணம் வந்து சேர்ந்த தடமே இல்லாத வங்கிப் புத்தகத்தை எடுத்துச் சென்றோம். அரிசிக்கும் மருந்துக்கும் யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்பதை அந்தப் பெண்களே அலுவலரிடம் எடுத்துரைத்தார்கள். ‘இருக்கிறான்’ என்று அவர் சொன்னபோது, ‘ஆனால் அனுப்புவதில்லை ஐயா’ என்று சொல்லப் பக்கத்தில் ஒரு குரல் இருந்தது. புதிதாக வந்திருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பெருந்தொற்றுக் காலத்தின் தாமதமும் சேர்ந்து, முதல் மனுவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து ஆணை கிடைத்தது.

அத்தோடு தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. பணம் பெற விரல்ரேகை வைக்க வேண்டும். அரை நூற்றாண்டு காப்பிப் பழம் பறித்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காண மறுத்தது. பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு விரல் ஏற்கப்பட்டபோது அவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

நம் அன்பியங்களில் செபமாலையும் விவிலியப் பகிர்வும் நடைபெறுகின்றன, நன்று. அத்துடன் ஒரு சிறு பணியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். நம் தெருவில் அறுபதைக் கடந்து தனித்திருப்பவர் யார், உதவித்தொகை பெறாதவர் யார், எக்காரணத்தால் தள்ளுபடியானது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். விசாரணை நாளில் ஒருவரேனும் உடன் நில்லுங்கள். கிராம சபை கூடும் நாளில் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் பெயர்களை மட்டுமல்ல. விற்கவும் இயலாத, விளையவும் செய்யாத ஒரு துண்டு நிலம் இருப்பதாலேயே சொத்துடையவர் எனக் கருதப்படும் மலையாளிப் பழங்குடி முதியவர் பெயரையும் சொல்லுங்கள். திருத்தூதர்கள் நியமித்த எழுவரின் பணி இதுவேயன்றி வேறென்ன?

ஆணை கிடைத்த அன்று மாலை அந்த அம்மையார் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். படிக்கத் தெரியாதவர். “என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சாமி” என்றார். நான் கண்ணாடியை அணிந்துகொண்டு உரக்கப் படித்தேன். அவர் பெயர், கணவர் பெயர், ஊர், தொகை, எந்த மாதம் முதல் என எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சொல்லை மட்டும் படிக்கவில்லை. ஆதரவற்றவர் என்று ஓரிடத்தில் இருந்ததை என் நா தாண்டிச் சென்றுவிட்டது. பொய் எழுத மறுத்த நான் செய்தது பிழையா என்று இன்றும் தெரியவில்லை.

கேட்டு முடித்ததும் அவர் சேலை முந்தானையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை ஒரு பூசை வச்சிடுங்க சாமி. எம் மகன் நல்லா இருக்கணும்னு.”